சக்கர நாற்காலிக்காக ஒரு பூங்காப் பாதையை அளந்து எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு பூங்காவுக்குள்ளோ காட்டுக்குள்ளோ செல்லும் பாதையில் சக்கர நாற்காலி போகுமா என்று கேட்டால், "போகும்", "போகாது" என்ற இரண்டு விடைகளுமே பெரும்பாலும் தவறாகிவிடுகின்றன. தன் கைகளால் சக்கரத்தை உருட்டிப் பழகிய இளைஞர் சிரமமின்றி ஏறும் மேட்டில், வயதான தாயாரை உட்காரவைத்துத் தள்ளிவரும் மகள் பாதியிலேயே நின்றுவிடக்கூடும். ஆகவே பாதையை அளப்பவரின் வேலை தீர்ப்புச் சொல்வதன்று. வர விரும்புபவர் வீட்டிலிருந்தபடியே தாமாக முடிவெடுக்கத் தேவையான எண்களைத் தருவதும், குறிப்பாகப் பாதையின் மிக மோசமான இடம் எது, அது எங்கே இருக்கிறது என்று சொல்வதுமே அவருடைய வேலை.

நடப்பவர்களுக்கான தரப்பிரிவு இதற்கு உதவாது. தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளும் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. அவை கால்களுக்கான பிரிவுகள். எளிதான பாதையின் குறுக்கே விழுந்து கிடக்கும் ஒரு மரத்தை நடப்பவர் தாண்டிப் போய்விடுவார், நாற்காலியின் பயணமோ அங்கேயே முடிந்துவிடும்.

இந்த வழிகாட்டியில் வரும் வரம்புகள், அமெரிக்க அணுகல் வாரியம் வெளிப்புறப் பகுதிகளுக்கென வகுத்து 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அங்கே அவை கூட்டரசு நிர்வகிக்கும் இடங்களைக் கட்டுப்படுத்துபவை, நமக்குச் சட்டமல்ல. ஆனால் மண்ணும் வேரும் மேடும் உள்ள பாதையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்பதால், கட்டடச் சாய்தளத்துக்கான 1:12 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்ற ஒற்றை எண்ணைக் காட்டுக்குள் கொண்டுபோவதைவிட இவை நன்றாகப் பயன்படுகின்றன.

1. பாதையையும் குழுவையும் தேர்ந்தெடுத்தல்

முழுப் பூங்காவையும் அளக்கக் கிளம்ப வேண்டாம். உதகை அரசு தாவரவியல் பூங்காவைப் போல மலைச்சரிவில் தளம் தளமாக அமைந்த இடத்தில் அது நாள் கணக்கில் இழுக்கும். கடைசியில் எந்தப் பகுதியும் முழுமையாக இருக்காது. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, பார்க்கத்தக்க ஏதேனும் ஒன்றைக் கண்டு, திரும்பிவரக்கூடிய ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாக முடித்த பிறகு அடுத்ததற்குச் செல்லலாம்.

காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலகத்தின் அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும். பூங்காவிலும் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது; நாடாவோடும் ரசமட்டத்தோடும் தரையில் குனிந்திருப்பவரைக் காவலர் வந்து விசாரிக்காமல் இருக்க மாட்டார்.

குழுவுக்கு மூவர் போதும்: அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், சக்கர நாற்காலியை அன்றாடம் பயன்படுத்துபவர் ஒருவர். மூன்றாமவர் இல்லாதபோது, புதியவர்கள் எங்கிருந்தோ ஒரு மருத்துவமனை நாற்காலியை வாங்கிவந்து தாங்களே உட்கார்ந்து பார்க்கிறார்கள். இந்த வேலையில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான். பழக்கமில்லாத கைக்குச் சிறு மேடும் மலையாகத் தெரியும். அதே நேரத்தில், எந்த இடத்தில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும் என்ற அச்சமே அவருக்கு வராது. இரண்டு பக்கமும் தவறான குறிப்புதான் கிடைக்கும். அழைத்துவரும் நண்பரைச் சோதனைப் பொருளாக நடத்தவும் கூடாது. எந்த மேட்டில் ஏறுவது, எதில் ஏறாமல் நிற்பது என்பதை அவரே சொல்ல வேண்டும். அவர் வர மறுத்த இடமும் ஒரு பதிவுதான்.

2. கருவிகள்

5 மீட்டர் இரும்பு நாடா, நீளம் அளக்க 30 மீட்டர் நாடா அல்லது உருட்டி அளக்கும் சக்கரம், கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம், சுண்ணக்கட்டி, குறிப்பேடு, படம் எடுக்க அலைபேசி. இவற்றில் ரசமட்டம்தான் தலையாயது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட நீளமானது சிறு மேடுகளை மறைத்துவிடும். குட்டையானது ஒரு கூழாங்கல்லுக்கும் துள்ளும்.

பயன்படுத்தும் முன் அதைச் சரிபார்க்க வேண்டும். ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் தலைகீழாக அல்லாமல் முனை மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் குமிழி உங்கள் பார்வைக்கு ஒரே பக்கத்தில் ஒரே அளவு விலகினால்தான் மட்டம் நம்பத்தக்கது.

அலைபேசிச் செயலி கொண்டும் சாய்வை அளக்கலாம், ஆனால் அது பாகையில் காட்டுகிறதா சதவீதத்தில் காட்டுகிறதா என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். 8 பாகையை 8 சதவீதம் என்று எழுதிவிடுபவர்கள் பலர். 8 சதவீதம் என்பது 1:12 அளவிலான, பெரும்பாலோர் துணையோடு ஏறிவிடக்கூடிய மேடு. 8 பாகையோ 14 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1:7, உடன் வருபவருக்கும் ஆபத்தானது.

3. வாயிலிலிருந்து அல்ல, வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

பாதையின் தொடக்கத்தில் "இங்கிருந்து 0 மீட்டர்" என்று எழுதுவதற்கு முன், அந்த இடத்துக்கு வந்துசேர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வாயிலில் ஒரே ஒரு தடை இருந்தாலும் உள்ளே அளந்த எல்லாம் வீண் என்பதால் இந்தப் படி முதலில் வருகிறது.

நம் ஊர்ப் பூங்காக்களில் மாடும் இருசக்கர வண்டியும் நுழையாமலிருக்கச் சுழல் கதவோ, வளைந்து நுழையும் கம்பித் தடுப்போ, நெருக்கமாக நட்ட கல்தூண்களோ இருக்கும். மாட்டைத் தடுப்பது நாற்காலியையும் தடுக்கும். பக்கத்தில் பெரிய கதவு இருந்தால், அது பூட்டப்பட்டிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எந்த நேரத்தில் இருப்பார் என்பதையும் எழுதுங்கள். சாவி கிடைக்காத கதவைச் சுவர் என்றே கொள்ள வேண்டும்.

இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் வருபவர்கள் தமிழ்நாட்டில் மிகுதி என்பதை அளப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த வண்டியை உள்ளே விடுவார்களா, விடாவிட்டால் வண்டியிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்குச் சமதளமான நிழலான இடம் உண்டா, பூங்காவிலேயே கடனாகத் தரும் நாற்காலி இருக்கிறதா, அதன் டயரில் காற்று இருக்கிறதா என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள்.

கழிப்பறையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வெளியே நீலச் சின்னம் ஒட்டியிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கதவைத் திறந்து அதன் திறப்பகலத்தை அளந்து, உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் இடம் இருக்கிறதா, அந்த இடத்தில் துடைப்பமும் வாளியும் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பயன்படுத்தத்தக்க கழிப்பறை இல்லையென்றால் பலர் அந்தப் பாதைக்கு வரவே மாட்டார்கள். அவர்களுக்கு இதுவே முதல் தகவல்.

4. எதையும் அளக்காமல் ஒருமுறை போய்வந்து, பாதையைப் பகுதிகளாகப் பிரித்தல்

முதல் நடையில் நாடாவை வெளியே எடுக்காதீர்கள். சாய்வோ, தரையோ, அகலமோ எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதே ஒரு பகுதி.

50 மீட்டருக்கு ஒருமுறை என்று சம இடைவெளியில் அளப்பது ஒழுங்காகத் தோன்றும், ஆனால் பயன் தராது. நாற்காலியை நிறுத்தும் மேடு 3 மீட்டர் நீளம்தான் இருக்கும். சம இடைவெளி அதைத் தாண்டிப் போய்விடும். சராசரியும் இதே போல ஏமாற்றும். 400 மீட்டரில் 8 மீட்டர் ஏறும் பாதையின் சராசரிச் சாய்வு 1:50 என்று வரும். கேட்டவுடன் சமதளம் என்று தோன்றும் அந்தப் பாதைக்குள் 1:7 சாய்வில் 4 மீட்டர் மேடு ஒன்று ஒளிந்திருக்க இடமுண்டு.

5. நெடுக்குச் சாய்வு

இதுவே வேலையின் மையம். அதிக நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பகுதியிலும் கண்ணுக்கு மிகச் செங்குத்தாகத் தெரியும் இடத்தில் ரசமட்டத்தைப் பாதையின் போக்கிலேயே வையுங்கள். மேட்டுப் பக்க முனை தரையில் இருக்கட்டும். பள்ளப் பக்க முனையை, குமிழி நடுவில் வரும்வரை உயர்த்துங்கள். உயர்ந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை இரும்பு நாடாவால் அளந்தால் போதும்.

60 சென்டிமீட்டர் மட்டத்தில் இடைவெளி 3 சென்டிமீட்டர் என்றால் சாய்வு 1:20. 5 என்றால் 1:12. 6 என்றால் 1:10. 7.5 என்றால் 1:8. இந்த நான்கு எண்களை மட்டத்தின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிட்டால் களத்தில் கணக்குப் போட வேண்டியதில்லை.

சாய்வை மட்டும் எழுதினால் பாதித் தகவல்தான். அது எவ்வளவு நீளத்துக்கு நீடிக்கிறது என்பது அதே அளவு முக்கியம், ஏனெனில் தோள் சோர்வது நீளத்தால். மேலே சொன்ன விதிகள் இந்த இரண்டையும் சேர்த்தே வரம்பிடுகின்றன. 1:20 வரையிலான சாய்வு எவ்வளவு நீளமும் போகலாம். அதற்கு மேல் 1:12 வரை உள்ளது ஒரே மூச்சில் 61 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 1:12 முதல் 1:10 வரை 9 மீட்டர். 1:10 முதல் 1:8 வரை ஏறத்தாழ 3 மீட்டர். 1:8-ஐத் தாண்டிய சாய்வுக்கு இடமே இல்லை. பாதையின் மொத்த நீளத்தில் 1:12-ஐவிடச் செங்குத்தான பகுதிகள் 30 சதவீதத்தை மீறவும் கூடாது.

ஒரு பகுதி இந்த வரம்பை மீறினால் அளப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிவராதீர்கள். மீறும் இடத்தைக் குறித்துவிட்டு மேலே செல்லுங்கள். மின்கலத்தால் ஓடும் நாற்காலிக்காரரோ, இரண்டு துணைகளோடு வருபவரோ அந்த இடத்தைக் கடக்கக்கூடும். அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

திரும்பி வரும் திசையையும் எழுதுங்கள். ஏற்றத்தில் சிக்கல் சோர்வு, இறக்கத்தில் சிக்கல் பிடிப்பு. செங்குத்தான இறக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரியாமலிருக்க, தள்ளுபவர் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டியிருக்கும். அப்படித் திருப்ப மேட்டின் உச்சியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமாகச் சுற்றிவரும் பாதையில் வலமாகச் சுற்றுவதற்கும் இடமாகச் சுற்றுவதற்கும் கடினம் வேறுபடும் என்பதால், எந்தத் திசை எளிது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

6. குறுக்குச் சாய்வு

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இது. நடப்பவரின் கால் இதை உணர்வதே இல்லை. பாதை பக்கவாட்டில் சரிந்திருந்தால் நாற்காலி தானாகப் பள்ளப் பக்கம் திரும்பும். நேராகப் போவதற்கு ஒரு கையால் தள்ளிக்கொண்டே மறு கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். சிறிது தூரத்திலேயே ஒரு தோள் மட்டும் வலியெடுத்துவிடும்.

மட்டத்தைப் பாதைக்குக் குறுக்காக வைத்து முன்போலவே அளந்துகொள்ளுங்கள். சிமென்ட், தார், பலகைத் தரைகளில் வரம்பு 1:48, அதாவது மட்டத்தின் கீழ் 1.25 சென்டிமீட்டர். மண் தரையில் மழைநீர் வடிய வேண்டியிருப்பதால் 1:20 வரை, அதாவது 3 சென்டிமீட்டர் வரை இடம் தரப்படுகிறது. வளைவுகளில் தவறாமல் அளவெடுங்கள்; ஏற்றமும் பக்கச் சரிவும் ஒன்றுசேர்வது அங்கேதான்.

7. தரை

தரை உறுதியாகவும், மழைக்கும் மிதிக்கும் குலையாமலும் இருக்க வேண்டும். இதைத் துல்லியமாக அளக்கத் தனிக் கருவி உண்டு, ஆனால் அமெரிக்க வனத்துறையின் கையேடு சொல்லும் எளிய சோதனை நமக்குப் போதும்: மெல்லிய டயர் கொண்ட மிதிவண்டி தடம் பதியாமல் எளிதாகப் போகிறதா, சிறிய பிளாஸ்டிக் சக்கரங்கள் கொண்ட மடக்கு வண்டியில் மூன்று வயதுக் குழந்தையை வைத்து எளிதாகத் தள்ள முடிகிறதா. இரண்டுக்கும் விடை ஆம் என்றால் தரை பெரும்பாலும் உறுதியானதே.

இந்தச் சோதனை ஏன் பொருந்துகிறது என்றால், நாற்காலியின் எடையில் ஒரு பங்கு முன்னால் உள்ள சிறு சக்கரங்களில் இறங்குகிறது; அவை உதிரி ஜல்லியிலும் மணலிலும் புதைந்துகொள்ளும். பின்சக்கரம் ஓடினாலும் முன்சக்கரம் புதைந்தால் நாற்காலி நின்றுவிடும், சரிவில் என்றால் கவிழ்ந்தும்விடும்.

பேவர் கற்கள் பதித்த பாதை என்றால் "நல்ல தரை" என்று எழுதிவிட்டுக் கடந்துபோக வேண்டாம். அடியில் மணல் அரித்துப்போன இடத்தில் கற்கள் ஆடும். மரத்தடியில் வேர் அவற்றைத் தூக்கிவிட்டிருக்கும். காலால் மிதித்து மிதித்துப் பாருங்கள். பழைய பூங்காக்களில் பாதையின் அழகான நிழற்பகுதிதான் பெரும்பாலும் மிக மோசமான தரையைக் கொண்டிருக்கிறது, இரண்டுக்கும் காரணம் அதே மரம்.

8. அகலம், தடை, இடுக்கு

பாதையின் அகலம் எங்கும் 91.5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. மிகக் குறுகலான இடத்தை அளங்கள், தரையில் மட்டுமல்லாமல் சக்கரத்தை உருட்டும் முழங்கையின் உயரத்திலும். வேலிக் கம்பியும் முள்கிளையும் அந்த உயரத்தில்தான் இருக்கும். அகலம் 1.5 மீட்டருக்குக் குறைவாக உள்ள பாதையில் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒருமுறையாவது, எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்க 1.5 மீட்டர் சதுர இடம் வேண்டும்.

தடையின் உயரம் சிமென்ட் தரையில் 1.3 சென்டிமீட்டர், மண் பாதையில் 5 சென்டிமீட்டர் வரை பொறுக்கத்தக்கது. சிறு பாலமோ பலகைத் தளமோ தொடங்கும் விளிம்பை மறவாமல் பாருங்கள். பலகை புதிதாக இருக்கும்போதும் அதையடுத்த மண் மழையில் கீழிறங்கி ஒரு படியாகிவிடும். பாதையின் ஓரம் பக்கத்து மண்ணைவிட உயர்ந்து நின்றால் அதையும் குறியுங்கள், சக்கரம் நழுவி இறங்குவது அங்கே.

வடிகால் மூடியிலும் பலகைகளுக்கு நடுவிலும் உள்ள இடுக்கு 1.3 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமன். நீளமான இடுக்குகள் பாதைக்குக் குறுக்காக ஓடினால் சக்கரம் அவற்றைக் கடந்துவிடும். பாதையின் போக்கிலேயே ஓடினால் முன்சக்கரம் உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

9. ஓய்விடமும் காட்சியிடமும்

ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் நாற்காலி உருளாமல் நிற்க, குறைந்தது 1.5 மீட்டர் நீளச் சமதளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது நிழலில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சித்திரை வெயிலில் சக்கரத்தின் கைப்பிடி வளையம் தொட முடியாதபடி சுடும். இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க இடமிருந்தால்தான் உடன் வந்தவரோடு பேசிக்கொண்டு உட்கார முடியும். இல்லாவிட்டால் நாற்காலியில் இருப்பவர் பாதையின் நடுவில் நிற்பார்.

காட்சியிடத்தில் நீங்கள் நாற்காலியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து 81 முதல் 130 சென்டிமீட்டர் உயரம் வரை பார்வை மறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. நம் மலைவாசத் தலங்களில் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கட்டிய கைப்பிடிச் சுவர்கள் பல அந்த உயரத்தையே மறைக்கின்றன. அவ்வளவு ஏற்றம் ஏறிவந்து சுவரைப் பார்க்க யாரும் விரும்ப மாட்டார்கள் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கடமை.

10. மழைக்குப் பிறகு இன்னொரு முறை

கோடையில் இறுகிய செம்மண் பாதை ஐப்பசியில் வேறு பாதை. வறண்ட காலத்தில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில், மழைவிட்ட மறுநாள் ஒருமுறையும் பாருங்கள். இரண்டாம் முறை எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. நீர் தேங்கும் இடம், சேறு, அரிப்பு, பாசி பிடித்த பலகை ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும்.

சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக அமைத்த 263 மீட்டர் மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டு, டிசம்பரில் வந்த மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. திறப்பு விழாச் செய்தியை மட்டும் படித்துவிட்டு அந்த இடைவெளியில் போனவருக்கு அந்தச் செய்தியால் என்ன பயன்? எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் அளந்த நாள் கட்டாயம்.

11. எழுதுதல்

அமெரிக்க விதிகளின்படி பாதையின் தொடக்கத்தில் வைக்கும் பலகையில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: மொத்த நீளம், தரையின் வகை, வழக்கமான அகலமும் மிகக் குறைந்த அகலமும், வழக்கமான நெடுக்குச் சாய்வும் மிக அதிகமான சாய்வும், அவ்வாறே குறுக்குச் சாய்வும். உங்கள் குறிப்பிலும் இவை இருக்கட்டும். ஆனால் மோசமான இடத்தை முதலில் எழுதுங்கள். "சக்கர நாற்காலிக்கு உகந்தது" என்ற சொற்றொடரை எங்கும் எழுதாதீர்கள்.

ஒரு கற்பனைப் பாதைக்கான குறிப்பு இப்படி அமையலாம்: "நுழைவாயிலிலிருந்து 455 ஆவது மீட்டரில் 6 மீட்டர் நீளத்துக்கு 1:9 ஏற்றம், வரம்பை மீறியது, துணை தேவைப்படலாம். அதற்கு முன் 440 ஆவது மீட்டரில் நாற்காலியைத் திருப்ப இடமுண்டு. மொத்தம் 640 மீட்டர், சென்ற வழியே திரும்ப வேண்டும். முதல் 410 மீட்டர் சிமென்ட், பெரும்பாலும் 1:30. பிறகு இறுகிய செம்மண், மழைக்குப் பின் 520 ஆவது மீட்டரில் சேறு. மிகக் குறுகலான இடம் பாலத்தில், 96 சென்டிமீட்டர். பெரிய கதவின் சாவி சீட்டுக் கொடுக்குமிடத்தில்." திரும்ப இடமுள்ள கடைசிப் புள்ளியைச் சொல்வது பலருக்குத் தோன்றுவதில்லை, ஆனால் நாற்காலியில் வருபவர் முதலில் தேடுவது அதுவே.

படங்களில் அளவு நாடா தெரியும்படி எடுங்கள். யாரும் தகவல் சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவதென்றால், முடியும் முடியாது என்ற ஒற்றைக் குறியோடு நிறுத்தாமல் சாய்வு, அகலம், தரை ஆகியவற்றைப் பகுதி பகுதியாகத் தனித்தனியே உள்ளிடலாம்.

12. பூங்காவிடம் ஒப்படைத்தல்

குறைகளைச் செலவின் வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். கதவைத் திறந்துவைத்தல், பாலத்தின் விளிம்பில் மண் நிரப்பி இறுக்குதல், கழிப்பறையிலிருந்து வாளிகளை அப்புறப்படுத்துதல், இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் சமப்படுத்துதல் ஆகியவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி தேவையில்லை; பொறுப்பாளரே செய்துவிட முடியும். மேட்டை வளைத்துச் சாய்வைக் குறைப்பது போன்ற பெரிய பணியை முதல் வரியில் வைத்தால் முழு அறிக்கையும் "நிதி வந்தபின்" என்ற கோப்புக்குள் போய்விடும்.

நகல் ஒன்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். ஏதேனும் சரிசெய்யப்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி அளந்து, பழைய எண்ணை அழிக்காமல் அதற்குக் கீழே புதிய எண்ணையும் நாளையும் எழுதுங்கள்.